மஞ்சள் துடுப்பும் டிக் அடித்த படிவமும்: புதுச்சேரி ஸ்கூபா கதை

டிசம்பர் முதல் வாரம், சனி ஞாயிறு, ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி. நானும் மச்சானும். சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த விளம்பரம்தான் இழுத்தது: ஆளுக்கு 6,500 ரூபாய், 12 மீட்டர் ஆழம், 40 நிமிடம், ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர், வீடியோ இலவசம். பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டோம். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் பேஜ் திறப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓயாத நேரத்தில் போனது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டோம். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், 15 மீட்டர் தெரியும்" என்றார்கள். உள்ளே இறங்கிக் கையை நீட்டினால் என் விரலே தெரியவில்லை. ஆற்று வண்டல் கலந்து, பால் குறைந்த டீ நிறம்.

முதல் சந்தேகம் காலை ஆறு மணிக்கே வந்திருக்க வேண்டும். உடல்நிலைப் படிவம் என்று ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. டிக்கும் ஜெராக்ஸில் வந்ததுதான்! மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் ஆஸ்துமாக்காரர்களை இறக்கக்கூடாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரியும். எனக்குச் சளி, மூக்கடைப்பு. சொன்னேன். "கடல் தண்ணி பட்டா சளியே ஓடிடும் சார், கையெழுத்து போடுங்க."

படகில் ஆறு பேர், பயிற்சியாளர் ஒருவர். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இறங்கி ஏறினார்கள். அவர்கள் கழற்றிய சிலிண்டரையே என் முதுகில் மாட்டினார்கள். காற்றழுத்த மீட்டரைப் பார்த்தேன்: 110 பார். நிரப்பிய சிலிண்டரில் 200 பார் இருக்கும், 50 மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்று யூடியூபில் பார்த்திருந்ததால் கேட்டேன். "உங்களுக்கு இது தாராளம் சார்" என்றார். தாராளம்தான், ஏனென்றால் என்னை இறக்கியதே ஒன்பது நிமிடம்.

காது விஷயம்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. காதுக்குள் இருக்கும் காற்று அதிகம் சுருங்குவது முதல் சில மீட்டரில்தான். இறங்க ஆரம்பித்ததுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி ஊதிச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். சளி இருந்தால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் அடைத்துக்கொள்ளும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. எனக்கு இரண்டு மீட்டரிலேயே ஊசி குத்துவதுபோல் வலி. பயிற்சியாளரிடம் காதைத் தொட்டுக் காட்டினேன். பயப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தோளைத் தட்டிக்கொடுத்து இன்னும் கீழே இழுத்தார். அவர் மணிக்கட்டுக் கணினியில் 4.8 மீட்டர் என்று பார்த்ததோடு சரி, கையை உதறிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அப்போதும் மூச்சை மட்டும் அடக்கவில்லை, அந்தப் புத்தி இருந்தது.

மச்சான் இறங்கவே இல்லை. பணம்? "படகு ஏறிட்டா ரீஃபண்ட் கிடையாது." ஈஎன்டி டாக்டர் செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது என்றார், மூன்று வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் பணம் அனுப்பும் முன் பயிற்சியாளரின் உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். பாடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். காலிப் படிவத்தை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி நிரப்புங்கள். கடல் சரியில்லை என்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் எரிச்சல்படும் கடை என்றால் பீச் ரோட்டில் நடந்துவிட்டு வாருங்கள்.

இலவச வீடியோ நான்கு நாள் கழித்து வந்தது. தெளிந்த நீலத் தண்ணீர், கூட்டம் கூட்டமாக மீன், நடுவில் ஒருவர் கையசைக்கிறார். காலில் மஞ்சள் துடுப்பு. எனக்குக் கொடுத்தது கறுப்பு. அந்த மஞ்சள் துடுப்புக்காரர் இதைப் படித்தால் சொல்லுங்கள், உங்கள் வீடியோ என்னிடம் பத்திரமாக இருக்கிறது.