4,200 ரூபாய் பாட்டிலா, 400 ரூபாய் டியூபா: என் ஃபவுண்டேஷன் கணக்கு

போன ஆவணியில் என் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். கிளம்பும் நேரத்தில், முகத்துக்கு அடிப்பூச்சாகப் போடும் ஃபவுண்டேஷன், 4,200 ரூபாய் கொடுத்து வாங்கிய பாட்டில், அதைத் திறந்தேன். மேலே எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. குலுக்கியும் சேரவில்லை. காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை வேறு. "போடாதக்கா, இது கெட்டுப்போச்சு" என்று சொல்லி, அவளே தன் பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தாள். மேபிலின் ஃபிட் மீ, 18 மி.லி. அன்று முழுக்க அதைத்தான் போட்டிருந்தேன். போட்டோவில் என் முகம் என் கழுத்து நிறத்திலேயே இருந்தது. அது போதும் எனக்கு.

கெட்டுப்போன பாட்டிலின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டு வருடம் திறந்து வைத்திருந்தது நான்தான். பாதிக்கு மேல் மீதி இருந்த அதைக் குப்பையில் போட்டபோது வயிறு எரிந்தது. அடுத்த வாரமே அதே டியூபை 400 ரூபாய்க்குள் வாங்கினேன். ஒரு வருடம் ஆகப்போகிறது, டியூபும் தீரப்போகிறது. மறுபடி எதை வாங்குவது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்த ஒப்பீடு. என் சாய்வு டியூபின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். விலை உயர்ந்தது கையில் எடுத்தாலே நைசாக இருக்கும், தோலில் சீக்கிரம் கலக்கும். மலிவானது பக்கத்துத் தெரு ஃபேன்ஸி ஸ்டோரிலேயே கிடைக்கும். வாங்குமுன் தாடை ஓரத்தில் தடவி, கடை விளக்கில் பார்க்காமல் வெளியே வெயிலில் வந்து பார்க்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து நிறம் கறுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு விலைக்கும் இது ஒன்றுதான்.

உள்ளே இருப்பது என்ன? நிறம் தருபவை பெரும்பாலும் அதே நான்கு பொருள்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், அப்புறம் வெள்ளை நிற டைட்டேனியம் டையாக்சைடு. லேபிளில் இந்த நிறமிகளைக் குறிக்கும் சிஐ 77491, 77492, 77499, 77891 என்ற எண்களைத் தேடிப் பாருங்கள். 400 ரூபாய் டியூபிலும் இருக்கும், 4,000 ரூபாய் பாட்டிலிலும் இருக்கும். விலை கூடக்கூட மாறுவது, இவற்றை எவ்வளவு நுணுக்கமாக அரைத்திருக்கிறார்கள், எந்தச் சிலிக்கோனில் கலந்திருக்கிறார்கள், பூச்சு எவ்வளவு நேரம் பிடித்து நிற்கும் என்பவைதான். மேபிலினை லோரியால் வாங்கியது 1996இல். விலை உயர்ந்த பிராண்டான லான்கோமும் அதே லோரியாலுடையதுதான். அதற்காக இரண்டும் ஒரே சரக்கு என்று சொல்ல வரவில்லை. மலிவு பிராண்டுக்குப் பின்னாலும் பெரிய ஆய்வகம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறச் சருமத்துக்கு விலை உயர்ந்த பிராண்டுகள் ஒரு காலத்தில் உண்மையாகவே தேவைப்பட்டன. மேக் என்ற விலை உயர்ந்த பிராண்டின் கடைக்குப் போனால் என்.சி. 42, என்.சி. 44 என்று நம் நிறத்துக்கு ஒரு எண் இருந்தது. (என்.சி. மஞ்சள் சாயல் சருமத்துக்கு, என்.டபிள்யூ. இளஞ்சிவப்புச் சாயலுக்கு. நம்மில் பலருக்கு என்.சி.தான் பொருந்தும்.) மலிவு விலையில் அப்போது கிடைத்தவற்றைப் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போல இருக்கும். வெள்ளை நிறமி கூடி, சிவப்பும் மஞ்சளும் குறைந்தால் அப்படித்தான் ஆகும். 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற பிராண்ட் 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்றவர்களும் வரிசையை நீட்டினார்கள். ஃபிட் மீயில் 330 டாஃபி போன்ற ஷேடுகள் இப்போது நம் ஊரிலேயே கிடைக்கின்றன. ஆனாலும் நல்ல கறுப்பாக இருப்பவர்களுக்கு விலை உயர்ந்த பக்கத்தில்தான் இன்னும் தேர்வு அதிகம். ஷேடு கிடைக்கவில்லை என்றால் மேலே படிக்கவே வேண்டாம், பொருந்துகிற ஷேடு எங்கே இருக்கிறதோ அதை வாங்குங்கள். பொருந்தாத நிறம் 400 ரூபாய்க்கு வாங்கினாலும் நஷ்டம்.

ஷேடு இரண்டு பக்கமும் கிடைக்கிறது என்றால், அங்கேதான் என் கணக்கு தொடங்குகிறது.

எந்த மேக்கப் பொருளானாலும் அட்டையிலோ அடிப்பக்கத்திலோ மூடி திறந்த டப்பா படம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் 6, 12, 24 என்று ஒரு எண்ணும் பக்கத்தில் ஆங்கில எம் எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பொருள். பக்கத்தில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி இதிலிருந்து வேறு. அது பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால். நான் இரண்டு வருடமாக அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபவுண்டேஷன் என்பது தண்ணீரும் எண்ணெயும் சிலிக்கோனும் பிரியாமல் கட்டிவைக்கப்பட்ட ஒரு கலவை. கட்டிவைப்பதற்கு ஒரு பொருள், கிருமி வராமல் காப்பதற்கு ஒரு பொருள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று போகிறது. விரலோ ஸ்பாஞ்சோ பாட்டிலின் வாயில் பட்டால் கிருமியும் போகிறது. சென்னை மாதிரி ஊரில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் டிரெஸ்ஸிங் டேபிள் மேல் நிற்கும் பாட்டிலுக்கு அந்தச் சூடும் சேர்ந்துகொள்கிறது. கட்டு தளர்ந்து எண்ணெய் பிரிகிறது. இந்த வேதியியல் விலையைப் பார்த்து நடப்பதில்லை. சொல்லப்போனால் டியூபுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சின்ன வாய், பிதுக்கினால்தான் வரும், உள்ளே போகும் காற்று குறைவு. சில விலை உயர்ந்த கண்ணாடி பாட்டில்களில் பம்ப்கூட இருப்பதில்லை, தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

ஒருமுறை முகம் முழுக்கப் போட எவ்வளவு ஆகிறது என்று, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் அளந்து பார்த்தேன். எனக்கு 0.6 மி.லி. 30 மி.லி. பாட்டில் என்றால் 50 முறை வரும். போனில் இருக்கும் போட்டோக்களைத் தள்ளிப் பார்த்து, அந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை போட்டிருக்கிறேன் என்று எண்ணினேன். 23. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, இரண்டு அலுவலக விழா. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை, அந்த மாதங்களில் பாட்டில் சும்மா நின்றது. 4,200 ரூபாயை 23ஆல் வகுத்தால் ஒருமுறைக்கு 180 ரூபாய்க்கு மேல். டியூபை இந்த ஒரு வருடத்துக்குள் 26 முறை போட்டிருக்கிறேன். ஒருமுறைக்கு 15 ரூபாய். எறிய மீதியும் இல்லை.

இரண்டு வருடத்தில் 23, ஒரு வருடத்துக்குள் 26. விழாக்கள் கூடிவிடவில்லை. விலை உயர்ந்ததை நான் எடுத்து எடுத்து வைத்தேன். "இந்த விசேஷத்துக்கு வேண்டாம், பெரிய கல்யாணம் வரட்டும்" என்று. பட்டுப்புடவையை அப்படி பீரோவில் வைக்கலாம், பத்து வருடம் கழித்து எடுத்தாலும் உடுத்தலாம். ஃபவுண்டேஷன் அப்படி வைக்கிற பொருள் இல்லை. டியூபை மனது பதறாமல் அலுவலக மீட்டிங்குக்கும் போட்டேன், கோவிலுக்கும் போட்டேன். போட்டுப் பழகியதில் கையும் படிந்தது. முன்பு திட்டுத்திட்டாக வந்ததற்குப் பாதிக் காரணம் பழக்கமின்மைதான் என்று இப்போது தெரிகிறது.

இதே கணக்கைத் தினமும் மேக்கப் போடுகிறவர் போட்டால் விடை மாறும். வரவேற்பு மேஜையிலோ விமானத்திலோ வேலை பார்ப்பவர் இரண்டு மாதத்தில் 50 முறை போட்டுத் தீர்த்துவிடுவார். அவருக்கு அந்த 4,200 ரூபாய் ஒருமுறைக்கு 84 ரூபாய், ஒரு சொட்டும் வீணில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி, எது அதிக நேரம் நிற்கும் என்பது. அதில் விலை உயர்ந்ததன் பக்கம் நியாயம் இருக்கிறது. தோழி ஒருத்தியின் எஸ்டீ லாடர் டபுள் வேர் ஃபவுண்டேஷனை இரண்டு கல்யாணங்களுக்குக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். 1997இல் வந்து இன்றும் விற்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஏசி இல்லாத மண்டபத்தில், பந்தியில் பரிமாறிவிட்டு வந்த பிறகும் மூக்கோரம் அப்படியே இருந்தது. பொதுவாக மலிவு விலை ஃபவுண்டேஷன்களில் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டிஷ்யூவால் ஒற்றி, மேலே காம்பாக்ட் பவுடர் போட வேண்டியிருக்கும். எனக்கு அது ஒரு சிரமமில்லை. மேடையில் நிற்பவருக்குச் சிரமம்தான்.

தண்ணீர் இருந்தால் கிருமி வளரும், சீக்கிரம் கெடும் என்ற இந்தக் கணக்கை வைத்தே மற்ற பொருள்களையும் பார்க்கலாம். மஸ்காராவை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், கண்ணில் படுகிற பொருள். அதில் 2,500 ரூபாய் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. காஜலும் அப்படியே. "ஐடெக்ஸ் போட்டியா?" என்று எங்கள் அம்மா கண்மைக்கே அந்தப் பெயரைச் சொல்லுவார். அந்த ஐடெக்ஸ் சென்னைக் கம்பெனியுடையது. அதே வீட்டின் டேஸ்லர் வரிசை எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் தொங்குகிறது. நான் இன்னும் அங்கேதான் வாங்குகிறேன்.

பவுடர் வகை நேர் எதிர். காம்பாக்ட், பிளஷ், ஐ ஷேடோ இவற்றில் தண்ணீர் இல்லை, அதனால் கிருமி வளர்வது கடினம். நனையாமல் வைத்தால் இரண்டு வருடமாவது உழைக்கும். நல்ல பிரஷ் கழுவிக் கழுவிப் பல வருடம் வரும். பணம் செலவழிக்க ஆசை இருந்தால் இங்கே செலவழியுங்கள் என்பேன். லிப்ஸ்டிக் இரண்டுக்கும் நடுவில். மேக் ரூபி வூவின் அந்தச் சிவப்புதான் வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள், மெழுகும் எண்ணெயும்தான், சீக்கிரம் கெடாது. ஒரே ஒரு நிறத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறவருக்கு அது தகும். என்னைப் போலப் புடவைக்கு ஒரு நிறம் என்று ஆறு வைத்திருப்பவர் ஒன்றையும் தீர்க்கமாட்டார்.

டூப் என்று சொல்வதையும் போலியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டூப் என்பது வேறு பிராண்ட் தன் சொந்தப் பெயரில் விற்கும் அதே மாதிரிப் பொருள். நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் "மேக்" போலி. நம் நாட்டில் தயாரித்ததில் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும், இறக்குமதியில் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். அது இல்லாததைக் கையிலும் எடுக்காதீர்கள்.

எனக்கு எண்ணெய்ச் சருமம். வறண்ட சருமத்துக்கு இந்த மேட் (பளபளப்பு இல்லாத) டியூப் எப்படி இருக்கும் என்று நான் போட்டுப் பார்த்ததில்லை. அதனால் அவர்கள் முதலில் சின்ன அளவில் வாங்கிப் பார்ப்பதே நல்லது. பெரிய பிராண்டுகளும் மினி அளவு விற்கின்றன, மி.லி. கணக்கில் விலை கூடினாலும் தீர்த்துவிட முடியும். மணப்பெண் மேக்கப்பிலும் என் அனுபவம் குறைவு. ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் வெள்ளையாகத் தெரிவதற்கு எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) உள்ள ஃபவுண்டேஷன் ஒரு காரணம் என்பது மட்டும் தெரியும். இங்கே விற்கும் ஃபிட் மீ பம்ப் பாட்டிலில் எஸ்பிஎஃப் 22, டபுள் வேரில் எஸ்பிஎஃப் 10. இரவு ரிசப்ஷன் என்றால் போட்டதும் ஃபிளாஷ் வைத்து ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிடுவேன்.

சித்தி மகளுக்குத் தையில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு மேக்கப் போட வருகிற பெண் தன் பொருள்களையே கொண்டு வருகிறாள், அதனால் பெரிய பாட்டில் எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மறுவீட்டுக்கும் விருந்துக்கும் அவளிடம் டியூப் இருக்கிறது. எனக்குப் புது டியூப் வந்துவிட்டது, ஆனால் பெட்டியைப் பிரிக்கவில்லை. பழையதில் இன்னும் நான்கு முறைக்கு இருக்கிறது. புதியதைத் திறக்கும் அன்று அடியில் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதிவிடுவேன்.