முதல் பிளேயர் பியானோ: குறைந்த பணத்தில் எதை எடுப்பது?

துளையிட்ட காகிதச் சுருளை (ரோல்) ஓட்டி, காற்றை உறிஞ்சும் துருத்திகளால் தானே வாசிக்கும் பியானோதான் பிளேயர் பியானோ. "புதுப்பித்தது" என்று விற்பவர் சொன்னால், எதையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மேலே பளபளக்கும் பாலிஷ் எதையும் சொல்லாது. உள்ளே ஒரு சுரத்துக்கு ஒன்றாக 88 சிறு துருத்திகளும், வால்வுகளும், மெல்லிய தோல் சவ்வுகளும் இருக்கின்றன. நூறாண்டில் துணி வெடிக்கும், தோல் இறுகும், காற்று கசியும்.

65 சுரக் கருவிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 1908இல் அமெரிக்காவின் பஃபலோ மாநாட்டில் ரோல் அளவுகள் வரையறுக்கப்பட்ட பிறகு 88 சுரமே பரவியது. இரண்டிலும் காகித அகலம் 11¼ அங்குலம்தான், துளை நெருக்கம்தான் வேறு: 65இல் அங்குலத்துக்கு 6, 88இல் 9. இரண்டு வகையும் ஓடும் கருவியாக இருந்தாலொழிய ரோல் தேடியே அலுத்துவிடும்.

வெல்டே-மின்யோன், ஆம்பிகோ, டியோ-ஆர்ட் போன்றவை கலைஞரின் மென்மை, வன்மையையும் திருப்பித் தருபவை. அதற்கென்று கூடுதல் கருவிப் பாகங்கள் உண்டு. அவை அரைகுறையாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் எல்லாமே ஒரே சத்தத்தில் ஒலிக்கும். விலை குறைவாக இருக்கிறதென்றால், மீதி வேலையின் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது. முதல் வாங்கலுக்கு வேண்டாம்.

1960களின் சிறிய பிளேயர்கள் தூக்க எளிது. கம்பி குட்டை என்பதால் கீழ்ச்சுரங்கள் மெலிந்திருக்கும். அக்காலத்தில் துருத்திக்குப் போட்ட பெர்ஃப்ளெக்ஸ் பிளாஸ்டிக் தாள் சீக்கிரமே கெட்டுப்போனது. அது இன்னும் மாற்றப்படவில்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

எங்கள் தேர்வு, 1910–1929 கால, காலால் மிதிக்கும் 88 சுர நிமிர் பியானோ. ஆனால் அதிலும் இரண்டு ரகம் உண்டு. கீழே உள்ள மிதி துருத்திகளுக்கு மட்டும் புதுத்துணி ஒட்டினாலே கருவி 'பாடும்'. சுரங்களை அடிக்கும் சிறு துருத்திகளும் வால்வுகளும் உள்ள மேல் அடுக்கைத் தொடாமல் விட்டிருந்தால் கால் கடுக்க மிதிக்க வேண்டும், மென்மையாக வாசிக்கவே முடியாது. மேல் அடுக்கைப் பிரித்து வேலை செய்த புகைப்படங்களைக் கேளுங்கள். ஒட்டியது வஜ்ரப் பசையாக (விலங்குத் தோல் பசை) இருக்க வேண்டும். சூடும் ஈரமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசை போட்டிருந்தால் அடுத்த முறை பிரிக்கும்போது மரமே பிய்ந்துவரும்.

மிதிக்காமலே காற்றை இழுக்கும் மின் உறிஞ்சி பொருத்தியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அது கசிவை மறைத்துவிடும். ரோலின் துளையில்லாத முன்பகுதி டிராக்கர் பாரை (ரோல் ஊர்ந்து செல்லும், துளைகள் உள்ள பட்டை) மூடியிருக்க, டெம்போவை (ரோலின் வேக அளவு) பூஜ்யத்தில் வைத்து மிதியுங்கள். சில மிதியிலேயே பெடல் இறுக வேண்டும். விட்டதும் தொளதொளத்தால் கசிவு. பிறகு மெல்ல மிதித்து 88 சுரமும் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். டெம்போ 70இல் ஒரு நிமிடத்தில் 7 அடி காகிதம் ஓட வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது வேகம் கூடினால், ரோலின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் கோளாறு.

இதற்குள் பியானோவை மறந்துவிடாதீர்கள். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் டியூனிங் பின்கள் தளர்ந்து சுருதி நிற்கவில்லையென்றால், பிளேயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மாறாக, பியானோ திடமாக இருந்து பிளேயர் மட்டும் செத்திருந்தால், நீங்களே வேலை செய்யத் துணிந்தால் மட்டும் எடுக்கலாம். துணி, தோல், குழாய்க்கு ஆகும் செலவைவிடக் கூலிதான் பெரிது.

ஒன்றிரண்டு சுரங்கள் ஊமையாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் டிராக்கர் பார் துளையில் காகிதத் தூசு அடைத்திருக்கும். கைப் பம்பால் உறிஞ்சி எடுங்கள். ஊதினால் தூசு வால்வுக்குள் போய்விடும்.