ரிக்வெஸ்ட்ஸா, எச்டிடிபிஎக்ஸா: லாக் விஷயத்தில் எது தேவலை?

பைத்தானில் வெளி ஏபிஐ-களை (வேறு மென்பொருளோடு பேசும் வாசல்களை) கூப்பிட ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை எடுப்பதா, எச்டிடிபிஎக்ஸ் நூலகத்தை எடுப்பதா என்ற பேச்சு வேகம், ஏசிங்க், எச்டிடிபி/2 என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். அதைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நான் பார்க்கப்போவது லாக், அதாவது நிரல் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு, மட்டும். ஓர் அழைப்பு போனது, பதில் வந்தது அல்லது வரவில்லை என்பதை லாக்கில் எப்படி எழுத வைப்பது, எதை எழுத விடாமல் தடுப்பது என்பதுதான் விஷயம். எங்கள் குழு எச்டிடிபிஎக்ஸ் பக்கம் போனது. அது தானாக எழுதும் லாக் பிடித்துப் போனதால் அல்ல. அந்த லாக்கை முழுவதும் ஓரங்கட்டிவிட்டு நம் வரியை நாமே எழுத அது நல்ல இடம் கொடுப்பதால்.

கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துக் கடைகளின் பில்லிங் மென்பொருளை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தோடு இணைப்பது எங்கள் வேலை. இ-இன்வாய்ஸ் (மின்னணு பில்) 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கியது. பிறகு படிப்படியாகச் சிறிய கடைகளுக்கும் இறங்கி வந்தது. தன் பெயரில் இ-இன்வாய்ஸ் கேட்கும் வாடிக்கையாளர் வரி எண்ணையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் கொடுக்கிறார். இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க ஒரு கெட் அழைப்பு இருக்கிறது. அதில் வரி எண் யூஆர்எல்லின் பாதையிலேயே போகிறது, ஐசி எண் கேள்விக்குறிக்குப் பின்னால் போகிறது.

அதாவது யூஆர்எல்லை லாக்கில் எழுதினால் ஒரு மனிதரை அடையாளத்தோடு எழுதிவிட்டோம் என்று அர்த்தம். நம் ஐசி எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (கோலாலம்பூருக்கு 14, பினாங்குக்கு 07), கடைசி இலக்கம் ஒற்றைப்படையென்றால் ஆண், இரட்டைப்படையென்றால் பெண். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமானது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிப்பது கட்டாயம். அதற்கு 72 மணி நேரம்தான். லாக் ஃபைல்களோ சர்வரில், பேக்கப்பில், உதவி கேட்டு அனுப்பும் மின்னஞ்சலில் என்று எங்கெல்லாமோ போய்ச் சேருபவை. ஆகவே இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரே கேள்விதான் முக்கியம்: எந்த வழியில் போனால் யூஆர்எல் லாக்குக்குள் நுழையாது?

முதலில், பலர் காப்பி செய்து ஒட்டும் ஒரு வழியை ஒதுக்கிவிடலாம். பைத்தானின் எச்டிடிபி கிளையன்ட் தொகுதியில் டீபக்லெவலை 1 என்று வைப்பது. அது லாகிங் அமைப்பைத் தொடுவதே இல்லை; நேராகத் திரையில் பிரிண்ட் செய்கிறது. லெவல் (டீபக், இன்ஃபோ, வார்னிங் என்று ஏறும் முக்கியத்துவப் படி), ஃபில்டர் எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. ஆத்தரைசேஷன் ஹெடரில் இருக்கும் டோக்கனையும் (நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியையும்) அப்படியே கொட்டிவிடும். சொந்த லேப்டாப்பில், சோதனைக் கணக்கோடு, ஐந்து நிமிடம் பார்க்க நல்லது. அதோடு சரி.

அடுத்தது ரிக்வெஸ்ட்ஸ். இது தன் பங்குக்கு ஏறக்குறைய ஒன்றும் லாக் செய்வதில்லை. பேசுவதெல்லாம் அடியில் இருக்கும் யுஆர்எல்லிப்3 நூலகம். அதன் கனெக்‌ஷன்பூல் லாகரை (லாக் எழுதும் பகுதியை) டீபக்கில் திறந்தால் புதிய இணைப்பு தொடங்கியது என்று ஒரு வரியும், பதில் வந்ததும் மெத்தட், பாதை, ஸ்டேட்டஸ் எண், அளவு என்று இன்னொரு வரியும் வரும். பாதையோடு கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதும் வரும். டீபக்கை அணைத்துவிட்டால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போதாது. ரீட்ரை அமைத்திருந்தால், இணைப்பு அறுந்து மறுமுயற்சி செய்யும்போது யுஆர்எல்லிப்3 வார்னிங் லெவலில் ஒரு வரி எழுதும். அதில் பாதையும் குவெரியும் (கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதும்) முழுதாக இருக்கும். பைத்தான் லாகிங்கை லெவல் எதுவும் சொல்லாமல் அமைத்தாலும் வார்னிங் வெளியே வந்துவிடும். முயற்சிகள் தீர்ந்துபோனால் எழும் எக்ஸெப்ஷனின் (பிழை அறிவிப்பின்) செய்தியிலும் அதே யூஆர்எல் இருக்கும். அந்த டிரேஸ்பேக்கை (பிழை எழுந்த வழியைக் காட்டும் எழுத்தை) நாம்தான் லாக் செய்வோம், நல்ல எண்ணத்தோடு.

பராமரிப்புச் சிக்கலும் உண்டு. யுஆர்எல்லிப்3 முன்பு புதிய இணைப்பு வரியை இன்ஃபோவில் எழுதியது, பிறகு டீபக்குக்கு இறக்கியது. 2017-க்கு முன் ரிக்வெஸ்ட்ஸ் அதைத் தன் பொதிக்குள்ளேயே வைத்திருந்ததால் லாகரின் பெயரும் வேறு. பழைய பெயரைச் சொல்லி வாயடைத்த அமைப்புகள் பதிப்பு மாறியதும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பயனற்றுப் போயின. நூலகத்தின் உள்ளே இருக்கும் ஒரு பெயரை நம்பிக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

எச்டிடிபிஎக்ஸ் இங்கே யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. சொல்லப்போனால் இயல்புநிலையில் இதுதான் அதிகம் உளறும். ஒவ்வொரு பதிலுக்கும் இன்ஃபோ லெவலில் மெத்தட், முழு யூஆர்எல், ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி எழுதும். நம் நிரல்களில் ரூட் லாகரை (எல்லா லாகர்களுக்கும் மேலிருப்பதை) இன்ஃபோவில் வைப்பது சகஜம் என்பதால் அந்த வரி கேட்காமலே வந்து நிற்கும். டெலிகிராம் பாட் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: டெலிகிராமின் பாட் ஏபிஐ-யில் ரகசிய டோக்கன் யூஆர்எல்லின் பாதையிலேயே இருக்கிறது, ஆகவே இன்ஃபோ வரி ஒவ்வொன்றிலும் டோக்கன் கிடக்கும். பைத்தான்-டெலிகிராம்-பாட்டின் உதாரண நிரல்கள் எச்டிடிபிஎக்ஸ் லாகரை வார்னிங்குக்கு உயர்த்திவிட்டே தொடங்குகின்றன. அடியில் உள்ள எச்டிடிபிகோரை டீபக்கில் திறந்தால் இணைப்பு, டிஎல்எஸ், ஹெடர் அனுப்பியது, பெற்றது என்று படிப்படியாக வரும். எந்தக் கட்டத்தில் தாமதம் என்று பார்க்க அருமையான லாக் அது. ஆனால் பதிலின் ஹெடர்களை முழுதாக எழுதுவதால் குக்கிகளும் வந்துவிடும்.

இன்னொரு குறை இரண்டுக்கும் பொது. பதில் வந்தால்தான் அந்த ஒற்றை வரி. டைம்அவுட் ஆகிவிட்டால் வரியே கிடையாது. எந்த அழைப்பைப் பற்றி நமக்கு அதிகம் தெரிய வேண்டுமோ அதைப் பற்றித்தான் லாக் மௌனமாக இருக்கும். ஹூக்கை (குறித்த கட்டத்தில் ஓடும் நம் நிரல்துண்டை) நம்பினாலும் இதே கதை: ரிக்வெஸ்ட்ஸில் இருப்பது பதிலுக்கான ஹூக் மட்டும், எச்டிடிபிஎக்ஸில் அனுப்புவதற்கு முன் ஒன்று, பதிலுக்கு ஒன்று. பதில் வராதபோது பதில் ஹூக் இரண்டிலும் ஓடாது.

அதனால் நாங்கள் செய்தது: நூலகங்களின் லாகர்களை வார்னிங்குக்கு உயர்த்திவிட்டு, எச்டிடிபிஎக்ஸின் டிரான்ஸ்போர்ட்டை (அழைப்பை உண்மையில் அனுப்பும் அடுக்கை) சுற்றி நம் சொந்த டிரான்ஸ்போர்ட் ஒன்றை மாட்டினோம். அது அழைப்பை உள்ளே இருக்கும் உண்மையான டிரான்ஸ்போர்ட்டிடம் கொடுக்கும், நேரத்தை அளக்கும், பதிலோ எக்ஸெப்ஷனோ எது வந்தாலும் ஒரே ஒரு வரி எழுதும். செயலின் பெயர், ஸ்டேட்டஸ் அல்லது எக்ஸெப்ஷனின் வகை, எடுத்த மில்லிசெகண்ட், நம் உள் பில் எண். யூஆர்எல் கிடையாது. ஒரு கடைக்காரர் அழைத்து “தம்பி, காலையில் போட்ட பில் போச்சா இல்லையா?” என்று கேட்டால் இந்த வரி போதும்.

செயலின் பெயர் டிரான்ஸ்போர்ட்டுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் எச்டிடிபிஎக்ஸ் எனக்கு முந்துகிறது. ஒவ்வொரு அழைப்போடும் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற டிக்‌ஷனரி ஒன்றை அனுப்பலாம். அது நெட்வொர்க்கில் போவதில்லை, நம் டிரான்ஸ்போர்ட் வரைக்கும் வந்து சேரும். “வரி எண் சரிபார்ப்பு”, “பில் சமர்ப்பிப்பு” என்ற பெயரை அதில் வைத்துவிடுகிறோம். வரி எண்ணே பாதையில் இருப்பதால் பாதையை எழுதுவதும் ஆகாது. இந்தப் பெயர்தான் ஒரே வழி.

ரிக்வெஸ்ட்ஸிலும் எச்டிடிபிஅடாப்டரை (அதன் அனுப்பும் அடுக்கை) நீட்டி இதைச் செய்யலாம். ஆனால் பெயரைக் கொண்டுபோக இப்படி ஓர் இடம் இல்லை. கான்டெக்ஸ்ட்வார் மாதிரி ஏதாவது சுற்றுவழி தேட வேண்டும். ரீட்ரை எல்லாம் அடாப்டருக்குக் கீழே யுஆர்எல்லிப்3-க்குள் நடப்பதால், மூன்று முறை முட்டிக்கொண்டு நான்காவதில் ஜெயித்த அழைப்பு உங்கள் லாக்கில் ஒரு மெதுவான வெற்றியாகத்தான் தெரியும். எச்டிடிபிஎக்ஸின் ரீட்ரை இணைப்புத் தோல்விக்கு மட்டும்தான். 429 (அழைப்புகள் அதிகம்), 503 (சேவை இல்லை) போன்ற பதில்களுக்கு நாமே எழுதுகிறோம், அதனால் ஒவ்வொரு முயற்சியும் தனி வரியாக விழுகிறது. மைஇன்வாய்ஸில் நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்ற வரம்பு இருப்பதால் இது எங்களுக்குப் பெரிய விஷயம்.

இதற்கு மேலும் ஒரு வலை தேவை. அதே நிரலுக்குள் வேறு நூலகங்கள் யுஆர்எல்லிப்3-ஐப் பயன்படுத்தும். அமேசான் சேமிப்பகத்துக்கான போட்டோ3 அப்படித்தான். ஸ்டேட்டஸ் சரியில்லை என்றால் எக்ஸெப்ஷன் எழுப்பும் ரெய்ஸ்-ஃபார்-ஸ்டேட்டஸ், இரண்டு நூலகங்களிலுமே, செய்தியில் யூஆர்எல்லைச் சேர்க்கிறது. ஆகவே ஐசி எண்ணை மறைக்கும் ஒரு சல்லடை வேண்டும். அதை லாகரில் ஃபில்டராக மாட்டினால் அந்த லாகரில் நேரடியாக எழுதியதற்கு மட்டும் வேலை செய்யும். கீழேயுள்ள லாகர்களிலிருந்து மேலேறி வருவதைத் தொடாது. ஹேண்ட்லரில் (லாக்கை வெளியே அனுப்பும் பகுதியில்) மாட்டினால் எல்லாமே வரும், ஆனால் டிரேஸ்பேக் அப்போது இன்னும் எழுத்தாக மாறியிருக்காது. சரியான இடம், பதிவை எழுத்தாக்கும் ஃபார்மாட்டர். அது உருவாக்கி முடித்த முழு எழுத்தின் மேல் ரெஜெக்ஸை (தேடல் வடிவத்தை) ஓட்டினால் டிரேஸ்பேக்கும் சேர்ந்து வடிகட்டப்படும். வெறும் 12 இலக்கம் என்று தேடினால் பில் எண்களும் அழிந்துபோகும். மூன்றாவது நான்காவது இலக்கங்கள் 01 முதல் 12-க்குள், அடுத்த இரண்டு 01 முதல் 31-க்குள் என்று மாதத்தையும் நாளையும் பார்த்தால் தவறான பிடிப்பு நன்றாகக் குறைகிறது. நடுவில் கோடு போட்டு எழுதிய ஐசி எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மாட்டர் இருக்கிறதே என்று லாகர்களைத் திறந்து வைத்துவிடக் கூடாது. சென்ட்ரி போன்ற பிழை சேகரிக்கும் கருவி லாக் பதிவுகளை உங்கள் ஹேண்ட்லருக்கு வெளியே தனியாகப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஃபார்மாட்டர் அதற்குத் தெரியாது. அதன் இயல்புநிலையில் இன்ஃபோ வரிகளும் பிழை அறிக்கையோடு சேர்ந்து போகும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இ-இன்வாய்ஸில் வெளியிடும் தேதியும் நேரமும் யூடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) போகின்றன. நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை ஆறரைக்கு ரொட்டி சானாய் கடையில் போட்ட பில் அங்கே முந்தைய நாள் தேதியில் இருக்கும். லாக்கையும் யூடிசி-யிலேயே எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனக்கணக்கு போட வேண்டியிருக்காது.

எச்டிடிபிஎக்ஸுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அதன் பதிப்பு எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது, இடைமுகம் மாறுகிறது, 0.28-இல் ப்ராக்ஸீஸ் என்ற பழைய அளவுரு நீக்கப்பட்டதும் அதை நம்பியிருந்த நூலகங்கள் உடைந்தன. பதிப்பைப் பூட்டி வைப்பது அவசியம். ஏசிங்க் டிரான்ஸ்போர்ட்டில் இதே அமைப்பை நாங்கள் சின்ன வேலைகளுக்குத்தான் ஓட்டுகிறோம். பெரிய சுமையில் எப்படி என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ரிக்வெஸ்ட்ஸில் ஏற்கெனவே ஓடும் பெரிய நிரல் உங்களிடம் இருந்தால், லாக்குக்காக மட்டும் மாற்றாதீர்கள். அடாப்டரும் ஃபார்மாட்டரும் சேர்ந்தால் பெரும்பாலான கசிவு நிற்கும்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு சோதனை எழுதிவிடுங்கள். எச்டிடிபிஎக்ஸில் மாக்டிரான்ஸ்போர்ட் (போலிப் பதில் தரும் டிரான்ஸ்போர்ட்) கூடவே வருகிறது. அதை உங்கள் டிரான்ஸ்போர்ட்டின் உள்ளே வைத்து 200, 404, 429, டைம்அவுட் என்று ஒவ்வொன்றாகக் கிளப்பலாம், நெட்வொர்க் தேவையில்லை. பைடெஸ்ட் சோதனைக் கருவியின் கேப்லாக் (லாக்கைப் பிடிக்கும் வசதி) தன் சொந்த ஃபார்மாட்டரைப் பயன்படுத்துவதால் அதை இங்கே நம்பாதீர்கள். உங்கள் ஃபார்மாட்டரோடு ஒரு ஹேண்ட்லரை நினைவகத்துக்கு எழுத வைத்து, ரூட் லாகரை டீபக்கில் திறந்து, ஒரு போலி ஐசி எண்ணை அனுப்புங்கள். பிறகு அந்த எண் எழுத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நூலகத்தின் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை ஓட வேண்டும்.