கெட்டி ஸ்ப்ரிங்கா, புது பிளேட்டா? ஓர் ஆர்.எக்ஸ். 100 கிளட்ச் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுசாக முறுக்கினேன். சத்தம் எகிறியது, வண்டி எகிறவில்லை. பின்னால் ஸ்கூட்டரில் வந்த நண்பன் சாவகாசமாகத் தாண்டிப் போனான். கிளட்ச் ஸ்லிப்: எஞ்சின் சுற்றுகிறது, கிளட்ச் வழுக்குவதால் இழுவை சக்கரத்துக்கு முழுசாகப் போவதில்லை.

என் வண்டி யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்.எக்ஸ். 100. 98 சிசி, 11 குதிரைத்திறன். பவர் கூட்ட போர்ட்டிங் செய்து (சிலிண்டரின் வாயுத் துளைகளைப் பெரிதாக்கி), ஹெட்டை இழைத்து, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வயிறு பெருத்த புகைக்குழாய் மாட்டியிருக்கிறேன். (அந்தச் சேம்பரைப் பற்றி டிராஃபிக் போலீஸிடம் நான் பேச்சு எடுப்பதில்லை.) டூ ஸ்ட்ரோக்கில் இந்த வேலை செய்தால் மேல் ஆர்.பி.எம்.மில் பவர் திடீரென்று கொட்டும். கிளட்ச் மட்டும் பழைய 11 குதிரைக்கு அளந்து வைத்ததாகவே இருக்கும்.

கிளட்ச் என்பது ஸ்ப்ரிங் அழுத்திப் பிடித்திருக்கும் பிளேட் அடுக்கு; லீவரை இழுத்தால் அடுக்கு பிரியும். அது எவ்வளவு இழுவை தாங்கும் என்பது நான்கு விஷயங்களில் அடங்கும்: ஸ்ப்ரிங்கின் அழுத்தம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, பிளேட்டின் பிடி, பிளேட்டின் விட்டம். விட்டத்தைத் தொட முடியாது, பிளேட்டுகள் உட்காரும் ஹவுசிங் விடாது. மிச்சம் மூன்று வழி.

செலவு செய்யும் முன் கேபிளையும் ஆயிலையும் பார்த்துவிட வேண்டும். லீவரில் கொஞ்சமாவது ஆட்டம் இல்லையென்றால் கிளட்ச் பாதி அழுத்தியபடியேதான் ஓடுகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிளட்ச் குளிப்பது கியர் ஆயிலில். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் மிஞ்சிய கார் ஆயிலை அதில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த ஆயிலில் எந்த பிளேட்டும் வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று இருக்க வேண்டும். எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு.

நான் முதலில் போனது கெட்டி ஸ்ப்ரிங் வழி. ஸ்ரீராமபுரத்தில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன், “தம்பி, ஸ்ப்ரிங் மட்டும் மாத்திடலாம், டீ குடிச்சிட்டு வா” என்றார். ஒரு பிரியாணிக் காசுதான் ஆனது. ஸ்லிப்பும் நின்றது. இரண்டு நாள் ராஜா மாதிரி திரிந்தேன்.

மூன்றாம் நாள் மாலை, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன். ஸ்ப்ரிங் முப்பது சதவீதம் கெட்டி என்றால் லீவரும் முப்பது சதவீதம் கனம். அந்த ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் லீவரை எத்தனை முறை பிடித்து விட்டேன் என்று எண்ணவில்லை, இடது கட்டைவிரலின் அடிப்பக்கம் எண்ணியிருக்கும். வீட்டுக்கு வந்து தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் கேபிள், லீவர் முனையில் இழை இழையாகப் பிரிந்து அறுந்தது. கூடுதல் பாரம் கையோடு நிற்பதில்லை. கேபிள், கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கும் புஷ் ராடு, லீவர் சுழலும் புஷ்ஷிங் என்று வழியில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் ஏறுகிறது. இதைவிட மோசம், பழைய ஸ்ப்ரிங்குக்குக் கீழே வாஷர் வைப்பது. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் கிளட்ச் முழுசாகப் பிரியாது.

கேபிள் மாற்றப் போனபோது சைடு கவரையும் திறக்கச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. உராய்ந்து பிடிக்கும் ஃப்ரிக்ஷன் பிளேட்டுகள் தேய்ந்திருந்தன, இடையில் இருக்கும் ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. பிளேட் தேய்ந்தால் பிடி மட்டும் குறைவதில்லை. அடுக்கின் மொத்த உயரம் குறைகிறது, அதனால் ஸ்ப்ரிங் அழுந்த வேண்டிய அளவுக்கு அழுந்தாமல் நிற்கிறது, அழுத்தமும் போகிறது. அதாவது தேய்ந்த பிளேட் நல்ல ஸ்ப்ரிங்கையும் சோப்ளாங்கி ஆக்கிவிடும். நான் கெட்டி ஸ்ப்ரிங் போட்டு அந்தத் தேய்மானத்தைத்தான் மூடி வைத்திருந்தேன்.

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் அலைந்து கம்பெனி ஃப்ரிக்ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட், கம்பெனி ஸ்ப்ரிங் என்று முழு செட்டும் வாங்கினேன். ஃப்ரிக்ஷன் பிளேட்டுகளை ஓர் இரவு கியர் ஆயிலில் ஊறவைத்தோம். ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தோம். ஹவுசிங் விரல்களில் பிளேட் இடித்து விழுந்த வடுக்களை அண்ணன் அரத்தால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்தார். முதல் இருநூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டினேன். ஏழு மாதம் ஆகிறது. நந்தி மலையில் அதே மூன்றாவது கியர், அதே ஏற்றம், வழுக்கவில்லை. லீவர் பழையபடி இரண்டு விரலுக்கு அடங்குகிறது.

மூன்றாவது வழி கூடுதல் பிளேட். கே.ஆர். புரத்தில் இருக்கும் நண்பன் தன் ஆர்.எக்ஸ். 135-இல் மெல்லிய பிளேட்டுகளாகப் போட்டு, அதே உயரத்துக்குள் ஒன்றை அதிகமாக அடுக்கியிருக்கிறான். கணக்கு அழகானது: ஐந்து பிளேட்டுக்குப் பத்து பரப்பு, ஆறுக்குப் பன்னிரண்டு, லீவர் கனம் கூடாமலே இருபது சதவீதம் லாபம். ஆனால் லீவரை இழுத்தால் கிடைக்கும் இடைவெளி அதேதான். அதை இப்போது அதிகப் பரப்புகள் பங்கு போட வேண்டும். சிக்னலில் அவனுக்கு நியூட்ரல் விழுவதில்லை, கிளட்ச் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவனோ தினமும் டிராஃபிக்கில் ஒயிட்ஃபீல்டு போகிறான்.

கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழை சேர்த்த பிளேட் போட்ட வண்டியை ஒரே ஒரு நாள் ஓட்டியிருக்கிறேன். பிடி நன்றாக இருந்தது, அதற்கு மேல் சொல்லுமளவு ஓட்டவில்லை. கே.டி.எம். 390 டியூக்கில் வருகிற மாதிரி ஸ்லிப்பர் கிளட்ச் போடலாமா என்று ஒருவர் கேட்டார். அது கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் குதிக்காமல் இருப்பதற்கு. எஞ்சின் பிரேக்கிங்கே பேருக்கு இருக்கிற டூ ஸ்ட்ரோக்கில் அது எதற்கு?

என் போர்ட்டிங் மிதமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் பிளாக்கையே பெரிதாக்கி ரேஸ் கார்புரேட்டர் போட்டவருக்குப் புது பிளேட் மட்டும் போதாமல் போகலாம். அப்போதும் நான் முதலில் பிளேட்டை மாற்றிவிட்டு, அப்புறம்தான் பத்து, பதினைந்து சதவீதம் கெட்டியான ஸ்ப்ரிங்குக்குப் போவேன்.

கழற்றிய கெட்டி ஸ்ப்ரிங் செட் டப்பாவில் சும்மாதான் கிடக்கிறது. போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் கேட்டான். முதலில் பிளேட்டை வெர்னியரில் அளந்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.