பீட்டாக்காரர் போனில் பாட்டு நிற்பதில்லை

"நல்ல ப்ளேயர்னு சொல்றியே, பீட்டாவுல சேர்ந்துடவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கான பதில் இது. பீட்டா என்றால் எல்லோருக்கும் விடும் முன் சிலரிடம் கொடுத்துச் சோதிக்கும் பதிப்பு; அதில் சேர்ந்தவர்களே பீட்டாக்காரர்கள். ப்ளேயரின் பெயர் வேண்டாம். போனில் இறக்கி வைத்த பாடல்களை ஓட்டும், காசு கொடுத்து வாங்கும் ஆண்ட்ராய்டு செயலி. ஈக்வலைசர், ஃபோல்டர் வாரியாகப் பார்ப்பது, ஸ்லீப் டைமர் எல்லாம் வழக்கமானவை, அவற்றைத் தாண்டிவிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பாடல்களுக்கு நடுவே இம்மி இடைவெளியும் விழாமல் ஓட்டுகிறது. யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் வெளிக்கருவி) செருகினால், தரம் குறையாத 24 பிட் ஃப்ளாக் ஒலிக்கோப்பைக் கைவைக்காமல் அப்படியே அனுப்புகிறது. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல் ரீப்ளேகெயின் ஒழுங்காக வேலை செய்கிறது. இவை மூன்றையும் மல்லுக்கட்டி வாங்கியவர்கள் பீட்டாக்காரர்கள். பிழை சொன்னால் சில நாளில் அடுத்த பதிப்பு வந்துவிடும். இந்த விலைக்கு இவ்வளவு அக்கறை அபூர்வம்.

ஆனால் ஒரே ஒரு முள் மட்டும் இன்றுவரை போகவில்லை. பாட்டு ஓடும்போது அழைப்பு வருகிறது. பேசி முடித்துத் திரையை அணைத்துப் பையில் போடுகிறோம். பாட்டு திரும்ப வருவதே இல்லை. திறந்து பார்த்தால் செயலி முதலிலிருந்து தொடங்குகிறது. பாட்டின் வரிசையும் போயிருக்கும்.

காரணம் மர்மமல்ல. பாட்டு ஓடும்வரை செயலி 'முன்னணிச் சேவை' என்ற பாதுகாப்பில் இருக்கும், அதில் சிஸ்டம் கைவைக்காது. அழைப்பு வந்ததும் ஒலியின் உரிமை போனுக்குப் போகிறது, ப்ளேயர் இடைநிறுத்தம் ஆகிறது. இடைநிறுத்தமானதுமே அந்தப் பாதுகாப்பைக் கைவிடும்படி எழுதப்பட்ட ப்ளேயர் அந்த நொடியிலிருந்து சாதாரணப் பின்னணிச் செயலி. 3 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள போன்களில், கூடவே தயாரிப்பாளரின் கறார் பேட்டரி சேமிப்பும் இருந்தால், சிஸ்டம் அதைத் துடைத்துவிடும். இடைநிறுத்திய பிறகும் சில நிமிடம் முன்னணியிலேயே தங்கும்படி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் பீட்டாவில் ஏன் இது பிடிபடவில்லை? பீட்டாவில் சேருகிற ஆள் எந்த ப்ளேயரை நிறுவினாலும் முதல் ஐந்து நிமிடத்தில் செய்கிற காரியங்கள் மூன்று: பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுவது, செயலி தானாகத் தொடங்கும் ஆட்டோஸ்டார்ட்டை அனுமதிப்பது, சமீபத்திய செயலிகள் திரையில் அது மூடப்படாதபடி பூட்டுப் போடுவது. பரிசோதனை தொடங்கும் முன்பே போனைச் சரிசெய்துவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை இந்தப் பிழை இல்லவே இல்லை. யாராவது புகார் சொன்னாலும் "பேட்டரி அமைப்பை மாத்தினீங்களா?" என்ற கேள்வியோடு அது மூடப்படும். மாற்றத் தெரியாதவர் புகார் எழுதுவதில்லை, வேறு ப்ளேயருக்குப் போய்விடுகிறார். டெவலப்பரின் புள்ளிவிவரப் பலகையிலும் இது தெரியாது. கூகுள் ப்ளேயின் தர அளவீட்டில் பயனர் உணரும் கிராஷ் (பிழையால் செயலி தானே விழுவது) 1.09 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். பேட்டரி மேலாளர் செயலியைக் கொன்றது கிராஷ் கணக்கிலேயே சேராது.

பாடல் கோப்புகளிலும் இதே கதைதான். பீட்டாக்காரரின் நூலகம் டேக் (கோப்புக்குள் இருக்கும் ஆல்பம், கலைஞர் விவரம்) திருத்திச் சீவி முடித்தது. ஊராரின் மெமரி கார்டில் ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டை இறக்கிய தளத்தின் முகவரி இருக்கும். புள்ளி வைத்த ஏ.ஆர். ரஹ்மான், புள்ளியோடு இடைவெளியும் விட்டவர், இரண்டும் இல்லாதவர் என மூன்று ரஹ்மான்கள் தனித்தனிக் கலைஞர்களாக நிற்பார்கள். தமிழில் பெயரிட்ட பாடல்களை இந்த ப்ளேயர் யூனிகோட் எண்வரிசையில், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணின் வரிசையில், அடுக்குகிறது. அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன உட்கார்ந்திருப்பதால், 'மயில்', 'மலர்', 'மழை' எல்லாவற்றுக்கும் பின்னால் வர வேண்டிய 'மனம்' முன்னால் வந்து நிற்கிறது. தமிழ் அகரவரிசைக்கான ஒழுங்கு ஆண்ட்ராய்டிலேயே தயாராக உள்ளது, எடுத்துப் பயன்படுத்தச் சில வரிகள் போதும். கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். பீட்டாக்காரர்களில் தமிழர் இருந்தாலும் பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைத்திருப்பார்கள்!

சிறிய கடைக்கு மட்டும் வரும் வியாதியல்ல இது. ஸ்பீக்கர் தயாரிக்கும் சோனோஸ் 2024 மே மாதம் தன் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டது. அலாரம், ஸ்லீப் டைமர், வரிசையைத் திருத்தும் வசதி ஆகியவை அப்போது அதில் இல்லை. பார்வையற்றவர்கள் நம்பியிருந்த திரைவாசிப்பும் தடுமாறியது. ஜூலையில் தலைமை அதிகாரி பாட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். இடையில் அக்டோபரில் அந்நிறுவனம் தந்த வாக்குறுதிகளில் ஒன்று, பீட்டா பரிசோதனையில் பலவகை வாடிக்கையாளர்களையும் பலவகை வீட்டு அமைப்புகளையும் சேர்ப்பது.

பீட்டாக்காரர்களின் எண்ணிக்கையை ஏற்றினால் மட்டும் இது தீராது. ஆப்பிளின் பீட்டா சோதனைத் தளமான டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளியாட்கள் 10,000 பேர்வரை சேரலாம். பத்தாயிரமும் தானாக முன்வந்த கூட்டம் என்றால், ஒரே ஆளைப் பத்தாயிரம் முறை கேட்பதற்குச் சமம். பொதுப் பதிப்பை முதலில் 5 சதவீதம் பேருக்கு மட்டும் விடும் படிப்படியான வெளியீடுதான் இதைவிட நேர்மையான மாதிரி. அந்த 5 சதவீதத்தில் யார் விழுவார் என்பதை ஆர்வம் தீர்மானிப்பதில்லை.

இனி நண்பருக்கு. கையில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால், அதில் எந்த அமைப்பையும் தொடாமல் பீட்டாவை நிறுவுங்கள். திரையை அணைத்து, நடுவில் இரண்டு அழைப்பு வரவழைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து எழுதி அனுப்புங்கள். டெவலப்பருக்கு உண்மையில் தேவை அது. தினம் பாட்டு கேட்கும் போனில் என்றால் சேர வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள் என்றால், ப்ளேலிஸ்ட்களை எம்3யு கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, ப்ளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தைக் கீழே தள்ளி பீட்டாவிலிருந்து விலகுங்கள். விலகினால் மட்டும் போதாது; செயலியை நீக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டு பழைய பதிப்பைப் புதியதன் மேல் ஏற்ற விடாது. செயலியை நீக்கும்போது எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் போய்விடும்.

ஒலிக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. இந்த வார அப்டேட்டிலும் அழைப்புக்குப் பிறகு பாட்டு வராததால், மொத்தத்துக்கு இரண்டு. ப்ளே ஸ்டோரில் இந்த இரண்டு நட்சத்திரத்தை ஊரறியப் போடவும் வழியில்லை, பீட்டாவில் இருப்பவர் எழுதும் விமர்சனம் டெவலப்பருக்கு மட்டும்தான் போகும்.