பேஸ்மேக்கர் வைக்கும்போது எந்தச் சிரை என்று கேளுங்கள்

அப்பாவுக்கு இரண்டு முறை, இரண்டு வேறு மருத்துவமனைகளில் செய்தோம், பெயர்கள் வேண்டாம். முதல் முறை 2016. இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் அந்தப் பெட்டி எந்தக் கம்பெனி, பேட்டரி எத்தனை வருடம் வரும், பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தோம், ஆனால் லீட் எனப்படும் அந்த ஒயரை எந்தச் சிரை வழியாக இதயத்துக்குள் இறக்குவார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

காரை எலும்புக்கு அடியில் ஊசியைக் குத்தி சப்கிளேவியன் சிரையைப் பிடித்தார்கள். சீக்கிரம் முடிகிற முறைதான், ஆனால் நுரையீரலின் மேல்நுனி அதை ஒட்டியே இருக்கிறது. அன்று இரவே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றிக் காற்று. நெஞ்சில் குழாய் போட்டு நான்கு நாள் கூடுதலாகக் கிடந்தார். நூறில் ஒருவர் இருவருக்கு இப்படி ஆகும் என்று அதற்கு அப்புறம்தான் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஏழு வருடம் கழித்து தலைசுற்றல். செக்கப்பில் லீடின் மின்தடை எகிறியிருந்தது. காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில், கையை அசைக்கும்போதெல்லாம் நசுங்கி உள்கம்பி முறிந்துவிட்டது. அந்த இடத்தில் புகும் லீடுக்கு இது தெரிந்த ஆபத்தாம்.

இரண்டாவது இடத்தில் டாக்டர் பேப்பரில் படம் வரைந்தே காட்டினார். தோள் தசையும் மார்புத் தசையும் சேரும் பள்ளத்தில் கீறி, செஃபாலிக் சிரையைக் கண்ணால் பார்த்தே திறப்பது ஒரு வழி. நுரையீரல் பக்கமே ஊசி போகாது, ஆனால் சிலருக்கு அந்தச் சிரை மெல்லியதாக இருக்கும், இரண்டு மூன்று லீட் நுழையாது, ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டரின் தடிமனான லீடென்றால் இன்னும் சிரமம். இன்னொன்று, கொஞ்சம் வெளிப்பக்கமாக, விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும் அக்சிலரி சிரை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது.

அப்பாவுக்குக் கையில் சாய மருந்து ஏற்றி, பழைய லீடால் சிரை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்டில் ஊசி நுனியைப் பார்த்தபடியே அக்சிலரியில் குத்தினார்கள். முதல் குத்திலேயே கிடைத்தது. மறுநாள் எக்ஸ்ரே சுத்தம், மதியம் வீட்டில் சாப்பிட்டார். இந்த இரண்டாவது மருத்துவமனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

முறிந்த லீடை இழுத்து எடுப்பது அப்பா வயதுக்கு ஆபத்து என்று, முனையை மூடி உள்ளேயே விட்டிருக்கிறார்கள். அது உள்ளே கிடப்பதால் இனி எம்ஆர்ஐ என்றாலே யோசிக்க வேண்டுமாம். 2016ல் அதற்காகவே கூடுதல் பணம் கட்டித்தான் அந்தப் பெட்டியை வாங்கினோம்.