வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல்: ஊற்றைத் தேடிப் போகாதீர்கள், குவிமாடத்தைப் பார்க்கப் போங்கள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தென்பகுதியில் இருக்கும் இந்த ஹோட்டலுக்குப் பெயர் கொடுத்தது கனிம ஊற்று. இன்று அங்கே தங்குபவருக்குக் கிடைப்பது வேறு: ஏறத்தாழ 200 அடி விட்டமுள்ள ஒரு குவிமாடம், அதன் கீழே தூண் ஒன்றுகூட இல்லாத வட்ட முற்றம். ஊற்று நீராடலை மனத்தில் வைத்து அறை எடுப்பவருக்கு ஏமாற்றம்தான்.

அந்த நீர் எப்படிப்பட்டது? வெந்நீர் ஊற்று இல்லை, குளிர்ந்த நீர். கந்தகம் கலந்திருப்பதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் மிகுதி. இவ்வுப்புகள் குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்ளும், அதனால் பேதி ஆகும். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் பார்த்த வேலையை அங்கே ஊற்று பார்த்தது. வெஸ்ட் பேடன் தன் நீரை 'ஸ்ப்ரூடல்' என்றும், ஒரு மைல் தள்ளியிருக்கும் போட்டியாளரான ஃப்ரெஞ்ச் லிக் ஹோட்டல் 'ப்ளூட்டோ' என்றும் விற்றன. "இயற்கை செய்யாததை ப்ளூட்டோ செய்யும்" என்பது இரண்டாவதன் விளம்பரம். அதன் புட்டி விற்பனை 1971இல் நின்றது.

கட்டடத்தின் கதை தீயில் தொடங்குகிறது. முன்பிருந்த மர ஹோட்டல் 1901 ஜூனில் எரிந்து சாம்பலானது. உரிமையாளர் லீ சின்க்ளேர் இனி தீப்பிடிக்காத, உலகமே பேசும் ஒன்று வேண்டும் என்றார். கட்டடக் கலைஞர் ஹாரிசன் ஆல்பிரைட் வரைந்தார். குவிமாடத்தைப் பாலப் பொறியாளர் ஆலிவர் வெஸ்ட்காட் வடிவமைத்தார். 1902இல் திறந்துவிட்டார்கள். 24 எஃகு விலாக்கள் உச்சியில் ஒன்றுசேர்கின்றன. அடிமுனைகளை இறுக்கிப் பூட்டாமல் உருளைகள்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். கோடையில் எஃகு நீளும், பனிக்காலத்தில் சுருங்கும். அடிமுனையைப் பூட்டியிருந்தால் அந்த அசைவு முழுவதும் சுவரைத்தான் தள்ளியிருக்கும். 1955 வரை நாட்டிலேயே இதைவிடப் பெரிய குவிமாடம் எழவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

பிறகு நடந்தவை வேகமானவை. முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவமனை. 1920களில் தொழிலதிபர் எட் பாலர்டுக்கு விற்பனை. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் விருந்தினர் கூட்டம் கரைந்தது, 1932இல் கதவடைப்பு. 1934இல் ஒரே ஒரு டாலருக்கு இயேசு சபையினர் கைக்குப் போனது. எளிமை விரும்பிய அவர்கள் ஆடம்பர வேலைப்பாடுகளைக் கழற்றி எடுத்தார்கள்; வளாகத்தில் அவர்களது சிறு கல்லறைத் தோட்டம் இன்றும் உண்டு. 1967 முதல் 1983 வரை நார்த்வுட் கல்லூரி இயங்கியது. பக்கத்து ஊரான ஃப்ரெஞ்ச் லிக்கின் மைந்தரான கூடைப்பந்து வீரர் லாரி பேர்டும் கொஞ்ச நாள் அங்கே படித்தார்.

ஆளில்லாத கட்டடத்துக்கு எமன் தண்ணீர்தான். கூரை நீர் இறங்கும் குழாய்களில் நீர் தேங்கி உறைந்தது. உறையும் நீர் விரியும், விரிந்தால் சுற்றியுள்ளதைப் பிளக்கும். 1991 ஜனவரியில் வெளிச்சுவரின் ஒரு பகுதி ஆறு மாடி உயரத்துக்குச் சரிந்து விழுந்தது. குவிமாடம் நின்றது. 1996இல் மாநிலத்தின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு அறக்கட்டளை அதை 2,50,000 டாலருக்கு வாங்க, மருத்துவக் கருவித் தொழிலதிபர் பில் குக்கின் குடும்பம் மறுசீரமைப்புக்குப் பணம் கொட்டியது. 2007இல் மீண்டும் ஹோட்டலானது.

இனி அறை விஷயம். அன்றைக்கு 700க்கும் மேற்பட்ட அறைகள், இன்று 243. பழைய குறுகலான அறைகளைச் சேர்த்துப் பெரிதாக்கியதால் எண்ணிக்கை இறங்கியது, அது நல்லதுதான். அறைகள் இரண்டு வளையமாக இருக்கின்றன: உள்வளையம் முற்றத்தைப் பார்க்கும், வெளிவளையம் தோட்டத்தைப் பார்க்கும். முற்றம் பார்த்த அறையை எடுங்கள். சிலவற்றுக்கு பால்கனியும் உண்டு. விலை கூடினாலும் இவ்வளவு தூரம் வருவதே அதற்காகத்தானே. குறை என்னவென்றால், கீழே திருமண வரவேற்பு நடந்தால் சத்தம் மேலே ஏறும். எதிரே முழு வட்டமும் சன்னல்கள் என்பதால் திரையை மூடியே வைக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் தூங்குபவர்களுக்கு வெளிவளையமே சரி. தாழ்வாரமும் வட்டம்தான், முனையே கிடையாது; முதல் நாள் அறை எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

ஊற்று நீரில் குளித்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஃப்ரெஞ்ச் லிக் ஹோட்டலின் ஸ்பாவுக்குப் போய் 'ப்ளூட்டோ' குளியலைக் கேட்க வேண்டும். இரு ஹோட்டல்களும் இப்போது ஒரே நிர்வாகம் என்பதால் போய்வருவது எளிது. தொட்டியில் இறங்கும் முன் மெட்டி, கொலுசு, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும்.

தங்க வசதியில்லாதவர்கள் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் வழிகாட்டிச் சுற்றுலாவில் சேரலாம். முற்றத்தில் உள்ள பெரிய கணப்படுப்பையும் அதன் பீங்கான் ஓடு பதித்த வேலைப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். கெண்டக்கியின் லூயிவில் நகரிலிருந்து காரில் ஒன்றே கால் மணி நேரம், இண்டியானாபோலிசிலிருந்து இரண்டு மணி நேரம். பகலில் ஒருமுறை, விளக்கேற்றிய பின் ஒருமுறை எனக் குவிமாடத்தை இருமுறை பார்க்கும்படி வந்து சேருங்கள்.